எபேசுவின் நெருப்பும் கொலோசெயின் கடிதமும்

கி.பி. 1ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், வானத்துச் சக்திகள்தான் தலைவிதியை நடத்துகின்றன என்று நம்பியவர்கள் ஏராளம். இயேசுவை ஏற்றுக்கொண்டவர்களும் அந்தப் பயத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை.

அங்கிருந்த எபேசு நகரில் இந்தப் பயத்துக்குப் பதில் நெருப்பாக வந்தது. மந்திரம் செய்தவர்கள் தங்கள் மந்திரச் சுருள்களை எல்லார் முன்பும் எரித்தார்கள். மதிப்பு 50,000 வெள்ளிக்காசு என்கிறது பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் நூல். துணிச்சலான காரியம்தான்.

அதே பகுதியின் கொலோசெ என்ற ஊரில் கதை வேறு. அங்கே உணவு விலக்கு, அமாவாசை, ஓய்வுநாள், தேவதூதர் வழிபாடு எல்லாம் விசுவாசத்தோடு கலந்துகொண்டிருந்தன. அவர்களுக்கு எழுதப்பட்டு, இன்று பைபிளில் இருக்கும் கடிதம் அந்தச் சக்திகளே கிடையாது என்று வாதிடவில்லை. அவையும் கிறிஸ்துவுக்குள் படைக்கப்பட்டவை. சிலுவையில் ஆயுதம் பறிக்கப்பட்டு, ஊரறிய ஊர்வலத்தில் இழுத்து வரப்பட்டவை என்றது. தோற்ற மன்னர்களைத் தேருக்கு முன்னால் நடத்திச் செல்லும் ரோம வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, அந்தப் படம் சட்டென்று புரிந்திருக்கும்.

எனக்கு இந்த இரண்டாவது வழிதான் ஆழமாகப் படுகிறது. இது மந்திரப் பொருளை விட்டுவிட்டு நேரே பயத்தின் வேரைத் தொடுகிறது. அப்புறமும் பயம் லேசில் போகவில்லை. 4ஆம் நூற்றாண்டில், பக்கத்து ஊரான லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம், தூதர்களைக் கூப்பிட்டு வழிபடக் கூடாது, குருமார் தாயத்து செய்யக் கூடாது என்று விதி போட வேண்டியிருந்தது.