கடவுள் வேண்டாம், கூட்டம் வேண்டும்: லண்டனில் மூன்று வழிகள்

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் சர்ச் மாதிரி ஒரு கூட்டம் தேவையா என்பது லண்டனில் வெறும் பட்டிமன்றத் தலைப்பு அல்ல. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 37.2 சதவீதம் பேர், அதாவது சுமார் 2 கோடியே 22 லட்சம் பேர், ‘மதம் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு இந்தக் கேள்வியே ஒரு பொருட்டல்ல. பள்ளி நண்பர்கள், உறவுகள், வழக்கமாகப் போகும் பப் என்று ஏற்கெனவே அவர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஊரை விட்டு வந்து, கோயிலுக்கும் போகாமல், அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் இருப்பவனுக்குத்தான் இது கேள்வி. நான் அந்த ரகம். இங்கே கிடைப்பவற்றில் மூன்றைப் போய்ப் பார்த்து ஒன்றில் தங்கிவிட்டேன். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கோயிலை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஹைகேட் முருகன் கோயிலுக்கும் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்கும் நம்பிக்கை இல்லாமலே போய், பிரசாதம் சாப்பிட்டு, நாலு பேரிடம் தமிழ் பேசிவிட்டு வருகிறவர்கள் உண்டு. தப்பே இல்லை. எனக்குத்தான் சன்னிதி முன்னால் கைகட்டி நிற்பது நடிப்பாகப் படுகிறது.

முதல் வழி சண்டே அசெம்பிளி. 2013 ஜனவரியில், இஸ்லிங்டனில் வழிபாடு நின்றுபோன ஒரு பழைய சர்ச்சுக்குள் சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவன்ஸ் என்ற இரண்டு ஸ்டாண்ட்-அப் காமெடியன்கள் தொடங்கியது. ‘நன்றாக வாழ், அடிக்கடி உதவு, இன்னும் வியந்து பார்’ என்பது அவர்களுடைய முழக்கம். ஆராதனையின் நிகழ்ச்சி நிரல் அப்படியே இருக்கும், கடவுள் மட்டும் இருக்க மாட்டார். எல்லோரும் எழுந்து நின்று பாட வேண்டும். கீர்த்தனைக்குப் பதிலாகப் பழைய பாப் பாட்டு, பின்னால் ஒரு பேண்ட். அப்புறம் ஒருவருடைய உரை, சிறிது நேரம் மௌனம், உண்டியல், கடைசியில் டீயும் கேக்கும். கேலி செய்வது சுலபம். ஆனால் முன்பின் தெரியாத கூட்டத்தோடு தொண்டை கிழியப் பாடும்போது உடம்பில் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. அதை நான் மறுக்க மாட்டேன்.

இரண்டாவது ஹோல்போர்ன் பக்கம், ரெட் லயன் சதுக்கத்தில் இருக்கும் கான்வே ஹால். இதை நடத்தும் சங்கத்தின் வேர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருக்கிறது. நரகத் தண்டனை முடிவில்லாதது என்பதை ஏற்காமல் பிரிந்த ஒரு கிறிஸ்தவச் சபையாகத் தொடங்கி, படிப்படியாகக் கடவுளையும் விட்டுவிட்டு, 1888இல் நெறிமுறைச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். கட்டிடம் 1929இல் வந்தது. கட்டிடத்துக்குப் பெயர் தந்தவரும் சங்கத்தை நீண்ட காலம் வழிநடத்தியவருமான மான்கியூர் கான்வே 1884இல் சென்னைக்கு வந்து, பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையாரை அடையாற்றில் சந்தித்தவர் என்பது நமக்கான ஒரு உபரிச் செய்தி. இங்கே உரைகள் தரமானவை. ஞாயிற்றுக்கிழமை சேம்பர் இசைக் கச்சேரிகளும் உண்டு, அந்தத் தொடருக்கு 1887 முதல் வரலாறு இருக்கிறது. சொந்தக் கட்டிடம் என்பதால் வாடகைத் தொல்லை இல்லை, அறைகளை வாடகைக்கு விட்டு வருமானமும் வருகிறது. குறை ஒன்றுதான். முன்வரிசைக்காரரின் பின்தலையைப் பார்த்தபடி உட்கார்ந்து, கேட்டு, கைதட்டி, வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அறிவு வளர்கிறது, ஆள் பழக்கம் வளர்வதில்லை.

மூன்றாவதைப் பார்த்து ‘இது எப்படிச் சர்ச்சுக்கு மாற்று?’ என்று கேட்பீர்கள். பார்க்ரன். சனிக்கிழமை காலை 9 மணி, ஏதாவது ஒரு பூங்கா, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. 2004 அக்டோபர் 2ஆம் தேதி லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கியது. ஏற்பாடு செய்த பால் சின்டன்-ஹியூவிட் அப்போது காயம்பட்டிருந்தார், ஓட முடியாது. நண்பர்களை விட்டுவிடவும் மனசில்லை. அதனால் அவர்களை ஓடவிட்டு நேரம் குறித்தார். முடித்த வரிசைக்கு டோக்கனாகக் கொடுத்தது இரும்புக்கடை வாஷர்கள். ஓட முடியாத ஒருவர் கூட்டத்தில் இருப்பதற்காக ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டதில்தான் இதன் ஆரம்பமே இருக்கிறது. எனக்கு இதில் பிடித்ததும் அதுதான்.

நான் பார்க்ரன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் உடற்பயிற்சி அல்ல. ஒவ்வொரு வாரமும் இதை யார் தூக்கிச் சுமப்பது என்ற பராமரிப்புக் கணக்கு.

ஒரு சர்ச்சுக்குச் சம்பளம் வாங்கும் போதகர் இருக்கிறார், கட்டிடம் இருக்கிறது, காணிக்கை வருகிறது. எல்லாவற்றுக்கும் மேல், ‘வராவிட்டால் ஆண்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும்’ என்ற எண்ணம் இருக்கிறது. சண்டே அசெம்பிளிக்கு அந்த உண்டியலைத் தவிர இவற்றில் எதுவும் கிடையாது. ஆனால் சர்ச்சின் வேலைப்பளு முழுவதும் உண்டு. பேச்சாளரைப் பிடிக்க வேண்டும், பேண்டுக்கு ஒத்திகை வைக்க வேண்டும், வாடகைக்குப் பணம் சேர்க்க வேண்டும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நாற்காலி அடுக்க வேண்டும், கேக் சுட வேண்டும். ஒரு சின்னக் குழு வேலைக்கும் போய்க்கொண்டே இத்தனையையும் செய்கிறது. எத்தனை நாள் முடியும்? 2016 வாக்கில் உலகம் முழுக்கச் சுமார் 70 கிளைகள் இருந்தன, 2019இல் அது 40 அளவுக்குச் சுருங்கியது. கொரோனா வருவதற்கு முன்பே நடந்தது இது. வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. நடத்தியவர்கள் களைத்துப்போனார்கள் என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஒரு ஆய்வும் துணைக்கு வருகிறது. ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானிடவியலாளர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய 200 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை எடுத்துப் பார்த்தார். எந்த ஆண்டை எடுத்தாலும், மதச்சார்பற்றவை கலைந்துபோகும் வாய்ப்பு மதச்சார்புள்ளவற்றைவிட நான்கு மடங்கு. அடுத்து எரிக் பிரெஸ்லருடன் சேர்ந்து செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம். மதக் குழுக்களில் விதிகள் கடுமையாக ஆக ஆக ஆயுள் கூடியது. மதமில்லாத குழுக்களில் அந்தக் கடுமையால் எந்தப் பயனும் தெரியவில்லை. சாமி கேட்டால் விரதம் இருப்போம், கமிட்டி கேட்டால் ‘எதற்கு?’ என்போம். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: சாமி இல்லாத கூட்டம் ஆளிடம் கொஞ்சமாகத்தான் கேட்க முடியும். அந்தக் கொஞ்சத்தை வைத்தே அது ஓட வேண்டும்.

(அதிகமாகக் கேட்டுப் பார்த்தவரும் உண்டு. பிரெஞ்சுத் தத்துவவாதி ஆகஸ்ட் காம்ட் ‘மானுட மதம்’ என்று ஒன்றை உருவாக்கி, 13 மாத நாட்காட்டி, புனிதர்களின் இடத்தில் அறிஞர்கள், சடங்குகள் என்று எல்லாம் வகுத்தார். ரியோவில் கோயில்கூடக் கட்டினார்கள். பிரேசில் கொடியில் ‘ஒழுங்கும் முன்னேற்றமும்’ என்று இருப்பது அவர் தத்துவத்தின் மிச்சம். மதம் பரவவில்லை, கொடி பறக்கிறது.)

பார்க்ரன் கேட்பது கொஞ்சம்தான். வேலைகள் துண்டு துண்டாக இருக்கின்றன: நேரம் குறிப்பவர், டோக்கன் கொடுப்பவர், ஓடி முடித்தவரின் பார்கோடை ஸ்கேன் செய்பவர், வளைவில் நின்று வழிகாட்டுபவர். எதையும் சில நிமிடங்களில் கற்றுக்கொள்ளலாம், ஒரு காலையோடு முடிந்துவிடும், அடுத்த வாரம் வேறொருவர். அதோடு டெயில் வாக்கர் என்று ஒரு பொறுப்பு. எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதுதான் அவர் வேலை. அதனால் யாரும் கடைசி ஆளாக வர நேர்வதில்லை. அன்பைப் பற்றிய எந்த உரையும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

நான் பெரும்பாலும் ஓடுவதில்லை, மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு பார்கோடு ஸ்கேன் செய்கிறேன். எங்கள் தெருவில் இருக்கும் நைஜீரியச் செவிலியர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், பக்கத்து சர்ச் பாதிரியார் எல்லோரும் எனக்கு அப்படித்தான் பழக்கம். ஆமாம், பாதிரியாரும் வருகிறார். நம்பிக்கை உண்டா இல்லையா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ‘நாங்கள் நம்பாதவர்கள்’ என்று ஒரு கூரையின் கீழ் கூடும்போது, அந்த ஒற்றுமையைத் தவிரப் பேச வேறொன்றும் இல்லாமல் போகிறது. இங்கே அந்தப் பேச்சுக்கு அவசியமே வரவில்லை.

இதற்கும் பலவீனங்கள் உண்டு. இடம் சொந்தமில்லை. 2016இல் பிரிஸ்டல் அருகே லிட்டில் ஸ்டோக்கில் பாரிஷ் கவுன்சில் (சர்ச் அல்ல, உள்ளூராட்சி மன்றம்) பூங்காவைப் பயன்படுத்தக் கட்டணம் கேட்டது, அங்கே பார்க்ரன் நின்றுபோனது. கொரோனாவில் 2020 மார்ச்சில் நிறுத்தி, இங்கிலாந்தில் 2021 ஜூலையில்தான் மறுபடி தொடங்கினார்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற பெற்றோருக்கு நேரமும் ஒத்துவராது. தெருவுக்கு ஒரு சர்ச் இருந்து, அதற்கு வெளியே நட்பே கிடைக்காத அமெரிக்கச் சிற்றூரில் இருப்பவருக்கு சண்டே அசெம்பிளிதான் சரியாக இருக்கலாம். அங்கே நான் வாழ்ந்ததில்லை.

பெரிய ஓட்டை, சாவு. சர்ச்சுக்கு அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நம்மூர்ப் பகுத்தறிவாளர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். என் தாத்தா கறுப்புச் சட்டைக்காரர். அவர் இறந்தபோது காரியம், திதி எதுவும் இல்லை, படத்திறப்பு வைத்தார்கள். தோழர்கள் வந்து பேசினார்கள், சாப்பாடு போட்டோம், பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. கல்யாணத்துக்குச் சுயமரியாதைத் திருமணம், அதற்கு அண்ணா ஆட்சி 1967இல் கொண்டுவந்த சட்டம். வாராவாரம் கூடிப் பாடாமலே வாழ்க்கையின் முக்கியமான நாட்களுக்கு ஆள் சேர்த்துவைத்த இயக்கம் அது. இங்கே ஹியூமனிஸ்ட்ஸ் யூகே அமைப்பின் சடங்கு நடத்துநர்கள் மதமில்லாத இறுதி நிகழ்ச்சியை நடத்தித் தருகிறார்கள். ஆனால் அவர்கள் கட்டணத்துக்கு வருகிறவர்கள், நம்மை முன்பே தெரிந்தவர்கள் அல்ல.

பார்க்ரன் ஆட்கள் அந்த நேரத்தில் வருவார்களா என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை. லண்டனில் எங்கள் வீட்டில் இன்னும் அப்படி ஒன்று நேரவில்லை. மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: எனக்குப் படத்திறப்பு போதும், சனிக்கிழமையாக இருந்தால் 11 மணிக்கு மேல் வை.