புரோபோலிஸ் என்று மெழுகை வாங்கிய கதை

வாய்ப்புண் அடிக்கடி வருகிறதே என்று இணையத்தில் புரோபோலிஸ் கட்டி ஒரு டப்பா வாங்கினேன். "தூய இயற்கை, எல்லாக் கிருமிகளையும் கொல்லும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதே மாதிரி டப்பாவை நீங்களும் பார்த்துக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மரங்களின் மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீ எடுத்து வந்து, மெழுகு சேர்த்துக் கூட்டின் இண்டு இடுக்குகளை அடைக்கும் பசைதான் புரோபோலிஸ். கூட்டுக்குள் செத்துக் கிடக்கும் எலியை வெளியே தள்ள முடியாவிட்டால், அதன்மேல் இதையே பூசி நாறாமல் மூடிவிடும். பொதுவாகப் பாதியளவு பிசினும் சுமார் 30 சதவீதம் மெழுகும் இருக்கும் என்பார்கள். கிருமியை அடக்குவது பெரும்பாலும் பிசினில் உள்ள ஃபிளேவனாய்டு, பீனாலிக் அமிலம் போன்ற தாவர வேதிப்பொருள்கள். மெழுகு வெறும் சுமைதான்.

என் சரக்கைத் தூளாக்கி 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, இரண்டு வாரம் தினமும் குலுக்கினேன். அடர் பழுப்பாக இறங்க வேண்டியது, பால் ஊற்றாத இளந்தேநீர் நிறத்தோடு நின்றுவிட்டது. நல்ல சாற்றில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் பிசின் பிரிந்து பால்போல் கலங்கும். இது லேசாகக்கூடக் கலங்கவில்லை. அடியில் கரையாத கட்டி அப்படியே கிடந்தது. சந்தேகம் வந்து மிச்சத் தூளைத் தண்ணீரில் கொட்டினேன். பிசின் கனம், மூழ்கும், மெழுகு மிதக்கும். முக்கால்வாசி மிதந்தது! அதன் நடுவே நகக்கண் அளவில் ஒரு பச்சைப் பெயிண்ட் துணுக்கு.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தத் துணுக்குதான். பெயிண்ட் அடித்த தேனீப் பெட்டியைச் சுரண்டி எடுத்தால், பெயிண்டில் ஈயம் இருந்தால் அதுவும் கூடவே வரும். கூட்டில் உண்ணிக்கு அடிக்கும் மருந்துகளும் மெழுகிலும் பிசினிலும் தங்கக்கூடியவை. இதையா வாயில் வைக்கப் போனேன்?

விற்றவருக்குப் படங்களை அனுப்பினேன். "இயற்கைப் பொருள், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்" என்று பதில் வந்தது. பாதி உண்மை, அதனால்தான் இந்தச் சாக்கு எடுபடுகிறது. ஐரோப்பாவில் தேனீ பெரும்பாலும் பாப்லர் மரத்தின் மொட்டுப் பிசினை எடுக்கிறது. பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் பக்காரிஸ் செடியிலிருந்து வருகிறது. நிறமும் வீரியமும் மாறத்தான் செய்யும். சரி, எந்தச் செடி, எவ்வளவு மெழுகு, ஆய்வகச் சான்று உண்டா என்று கேட்டேன். அப்புறம் ஆளையே காணோம்.

"எல்லாக் கிருமிகளும்" என்பதும் புளுகு. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத கிராம்-பாசிட்டிவ் கிருமிகளை இது நன்றாக அடக்கும், ஈ.கோலை போன்றவற்றிடம் அவ்வளவாகச் செல்லாது, அவற்றின் வெளிச்சவ்வு தடுக்கிறது. தட்டில் நடப்பது வாயிலும் நடக்கும் என்றும் இல்லை. புரோபோலிஸ் பற்றிய உடல்நலக் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இலேயே சொல்லிவிட்டது. சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் வரும். அசல் சரக்கிலேயே வரும்.

சாறாக விற்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பாப்லர் மொட்டையே காய்ச்சி வடித்துப் புரோபோலிஸ் என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது.

பணம் திரும்பி வரவில்லை. மிதந்த மெழுகை வழித்தெடுத்து, இழுக்கும்போதெல்லாம் சிக்கிக்கொள்ளும் மேசை டிராயரின் விளிம்பில் தேய்த்தேன். டிராயர் இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது.