கருப்பி முதுகில் உப்புத்தூள்: 14 மாத அனுபவம்

கருப்புப் பூனை வளர்ப்பதில் ஒரு வசதி உண்டு. தோலில் கோளாறு வந்தால் ஒளித்துவைக்க அதற்கு இடமே இல்லை. எங்கள் கருப்பியின் வாலடியில் யாரோ உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவியதுபோல ஒருநாள் வெள்ளை தெரிந்தது. தட்டிவிட்டேன், போய்விட்டது. மறுநாள் மறுபடியும் அதே இடம், அதே வெள்ளை. முடியை எதிர்ப்பக்கமாக ஒதுக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே மிதந்தது வெறும் உதிரி. அடியில் தோலோடு ஒட்டிக்கொண்டு, லேசான பிசுக்கோடு, செதில் செதிலாகப் பொடுகு நிறைய இருந்தது. அப்போது அவளுக்கு வயது 8, எடை 5.8 கிலோ. இந்த எடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு மாதம் நான் செய்ததெல்லாம் தப்பு. தோல் வறண்டால் எண்ணெய் வேண்டும் என்று நானே முடிவுகட்டி, ஆளி விதை எண்ணெயைத் தீனியில் சொட்டுவிட்டேன். மனிதருக்கு நல்லதுதானே என்ற நினைப்பு. அந்த எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3-ஐத் தனக்கு வேண்டிய இபிஏ, டிஹெச்ஏ கொழுப்புகளாக மாற்றிக்கொள்வதில் பூனையின் உடல் மகா மந்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் குழந்தைகளுக்கான ஷாம்பு போட்டு ஒரு குளியல். என் இரண்டு கையிலும் கீறல், அடுத்த வாரமே அவள் முதுகில் இன்னும் அதிக உப்பு. தோலில் இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் நானே கழுவிவிட்டேன்.

தெள்ளாக இருக்குமோ என்று நாய்க்கு வாங்கிவைத்திருந்த சொட்டு மருந்தைக்கூட ஒருநாள் கையில் எடுத்தேன். நல்லவேளை, அட்டையைப் படித்துவிட்டு வைத்துவிட்டேன். அதில் பெர்மெத்ரின் இருந்தது. நாய்க்கு ஒத்துக்கொள்ளும் அது, பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

கால்நடை மருத்துவரிடம் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எங்கெல்லாம் இருக்கிறது?" தலையில் இல்லை, காதில் இல்லை, வயிற்றில் இல்லை. இடுப்புக்குப் பின்னால் மட்டும்தான். தலையசைத்துக்கொண்டார், ஆனால் உடனே எதுவும் சொல்லவில்லை. ஒட்டுநாடாவைத் தோலில் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பொடுகுபோலவே தெரியும் ஒரு சிற்றுண்ணி உண்டாம். செதிலுக்கடியில் அது ஊர்வதால் பொடுகே நடப்பதுபோல இருக்குமாம். வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ அரிப்புத் தடிப்பு வந்ததா என்றும் கேட்டார், அது மனிதரையும் கடிக்கும் என்பதால். பிறகு நெருக்கமான சீப்பால் வாரி, விழுந்ததை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார். கருப்புப் புள்ளிகள் செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளின் கழிவு என்று அர்த்தம். அப்படி எதுவும் இல்லை. படர்தாமரைக்கான சோதனையிலும் ஒன்றும் இல்லை.

கடைசியில் கருப்பியின் இடுப்பில் கை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவளுக்கு இந்த இடம் எட்டவில்லை."

எனக்குச் சுருக்கென்றது. பல மாதமாகக் கண்ணெதிரே நடந்ததுதான். பின்னங்காலைத் தூக்குவாள், முதுகை வளைப்பாள், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிடுவாள். ஒன்றும் நடக்காததுபோல முன்னங்காலை நக்க ஆரம்பித்துவிடுவாள். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள்தான் அதன் சீப்பு. செத்த தோலை எடுப்பதும், எண்ணெய்ப் பசையை முடி முழுக்கப் பரப்புவதும் அந்த நாக்குதான். நாக்கு எட்டாத இடத்தில் செதில் சேராமல் என்ன செய்யும்?

உடம்பு பருத்ததால்தான் எட்டவில்லை. ஆகவே உண்மையான வேலை எடையைக் குறைப்பது. அதுவரை கிண்ணத்தில் உலர் தீனி எப்போதும் நிரம்பியிருக்கும், நினைத்தபோது தின்பாள். 100 கிராம் உலர் தீனியில் சுமார் 350 முதல் 400 கலோரி. ஈரத் தீனியில் அதே எடைக்கு ஏறக்குறைய 80 முதல் 100தான், முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பூனைகள் தாகம் பார்த்துத் தண்ணீர் குடிக்கிற ரகம் இல்லை என்பதால் அந்தத் தண்ணீரும் லாபம்தான். மாற்றுவதற்கு 7 முதல் 10 நாள் போதும் என்பார்கள். எங்களுக்கு 5 வாரம் ஆயிற்று.

முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, கழிவை மூடுவதுபோலத் தரையைப் பிராண்டிவிட்டுப் போனாள். பசித்தால் தின்பாள் என்று வீம்பாக இருந்தேன். ஒன்றரை நாள் எதுவும் தொடவில்லை. பயந்துபோய்த் தொலைபேசியில் கேட்டபோது மருத்துவர் திட்டினார். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடையும், அது உயிருக்கே ஆபத்து, பட்டினி போட்டுப் பூனையை ஜெயிக்க நினைக்காதே என்றார். சரி என்று பழைய தீனிக்கே திரும்பி, அதன் ஓரத்தில் பட்டாணி அளவு புதியதை வைத்தேன். குழம்போடு வரும் வகையில் குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை ஒதுக்கினாள். கூழ் வகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொடியாக அரைத்த வகையில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, மேலே உலர் தீனியை நொறுக்கித் தூவியபோதுதான் வாய் வைத்தாள். வாங்குகிறவர்கள் ஒன்றைப் பாருங்கள்: வளர்ந்த பூனைக்கு 'முழுமையான உணவு' என்று அட்டையில் இருக்க வேண்டும். 'துணை உணவு' என்றிருந்தால் அது தினசரிச் சாப்பாட்டுக்கு ஆகாது.

மீன் எண்ணெயும் கொடுத்தோம், எடைக்கேற்ற அளவை மருத்துவரே எழுதித் தந்தார். மீன் ஈரல் எண்ணெய் கூடாது, அதில் வைட்டமின் ஏ, டி மிகுந்துவிடும் என்று அழுத்திச் சொன்னார். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்து வயிற்றுப்போக்கு வந்தது. பாதியாகக் குறைத்து மெல்ல ஏற்றினேன். 8 வாரத்துக்கு முன்னால் எதையும் எதிர்பார்க்காதே என்றது சரியாகவே இருந்தது. முடியில் பளபளப்பு வந்தது உண்மை. பொடுகைப் போக்கியது அதுதானா என்று கேட்டால், இல்லை என்பேன்.

அதற்குச் சாட்சி இருக்கிறது. எட்டாவது மாதம் 16 நாள் வெளியூர் போனோம். பார்த்துக்கொண்டவர் தீனியை அளந்துதான் போட்டார், எண்ணெயும் தவறாமல் கொடுத்தார். நான் வழக்கமாக வாரிவிடும் சீப்பை மட்டும் போடவில்லை, அவரைக் கண்டால் கருப்பி கட்டிலுக்கடியில் போய்விடுவாளாம். திரும்பி வந்து பார்த்தால் வாலடியில் பழையபடி உப்பு.

சீப்பு விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் வாங்கிய கம்பித் தூரிகை தோலைச் சிவக்க வைத்தது. அகலப் பல் சீப்பில் செதில் நிற்கவே இல்லை. நெருக்கமான பல் வைத்த உலோகத் தெள்ளுச் சீப்புதான் கைகொடுத்தது. வெந்நீரில் பிழிந்த துணியால் அந்த இடத்தை ஒரு நிமிடம் ஒற்றிவிட்டு, முடி போகும் திசையில் மெதுவாக மூன்று நிமிடம் வாருவேன், அழுத்தம் துளியும் இல்லாமல். நேராக வாலடிக்குப் போனால் கடிப்பாள். கன்னத்தில் தொடங்கி, கழுத்து, தோள் என்று இறங்கிப் போனால் வாங்கிக்கொள்வாள். முதல் இரண்டு வாரம் பொடுகு கூடியதுபோலத் தெரியும். அடியில் ஒட்டியிருந்தது மேலே வருகிறது, அவ்வளவுதான், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது எடை 4.9 கிலோ. வாரத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறையவிடாதே என்று மருத்துவர் எல்லை போட்டிருந்தார். எங்கள் வேகம் அதில் பாதிகூட இல்லை. குறை என்றால் ஈரத் தீனி மிச்சமானால் நாறும், செலவும் உலர் தீனியைவிடக் கூட. ஏசி அதிகம் ஓடும் நாட்களில் இரண்டு மூன்று செதில் இன்னமும் தெரியத்தான் செய்கிறது.

உடம்பெங்கும் செதில், அரிப்பு, முடி கொட்டி வட்டமாகச் சொட்டை, அல்லது வயதான பூனை நிறையத் தண்ணீர் குடித்தும் இளைத்துக்கொண்டே போவது, இதெல்லாம் இருந்தால் என் கதை உங்களுக்குப் பொருந்தாது. சீப்பைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

போன வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து கருப்பி பின்னங்காலைத் தூக்கினாள். வழக்கம்போலச் சாயப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாயவில்லை. வாலடியை நான்கைந்து முறை நக்கிவிட்டு, நான் பார்ப்பதைக் கவனித்ததும் காலை இறக்கிக்கொண்டாள்.