தார்ப் பாலைவனத்தில் ஊர்வன பார்க்க: பகல் ஜீப்பா, காலை நடையா, இரவு டார்ச்சா?

ராஜஸ்தானுக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான் கிளம்புகிறார்கள். கோட்டையும் ஒட்டகமும் பார்க்க அது நல்ல பருவம். ஆனால் ஊர்வன பார்க்க உதவாது. குளிரில் அவை வளைக்குள் ஒடுங்கிவிடும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒரு பருவம், மழை விழுந்தபின் செப்டம்பர் வரை இன்னொரு பருவம். முதல் தடவை போகிறவர்களுக்கு மார்ச் மாதத்தைத்தான் சொல்வேன். வெயில் தாங்கும்படி இருக்கும், விலங்குகளும் வெளியே வந்திருக்கும்.

மாதத்தை முடிவு செய்த பிறகு எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி வரும். வழி மூன்று. பகலில் ஜீப்பில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். விடியற்காலையில் மணல்மேட்டில் நடக்கலாம். இரவில் டார்ச்சோடு தேடலாம். படத்தின் தரத்தை வைத்து இவற்றை ஒப்பிடுவது வழக்கம். நான் வேறொன்றை வைத்து ஒப்பிடுகிறேன். நீங்கள் வருவதற்கு முன் அந்த விலங்கு என்ன செய்துகொண்டிருந்ததோ, அதை நீங்கள் வந்த பிறகும் செய்துகொண்டிருக்கிறதா?

பகல் ஜீப்பின் நாயகன் சாண்டா எனப்படும் முள்வால் ஓணான். அது தாவரம் தின்னும். மணல்மேட்டில் இருக்காது, இறுகிய தரையில் வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாக வாழும். ஜெய்சால்மர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டருக்குப் பரந்த பாலைவனத் தேசியப் பூங்காவிலும் உண்டு, சூரு மாவட்டத்தின் தால் சாப்பர் பக்கத்திலும் உண்டு. முன்னது பெரியது, தேடி அலைய வேண்டும். பின்னது வெளிமானுக்குப் பேர்போன சின்னச் சரணாலயம். நேரம் குறைவாக இருந்தால் தால் சாப்பர் போதும். கழுகுகளும் வல்லூறுகளும் சாண்டாவைத் தூக்கிப்போக அங்கே வட்டமிடுவதால், ஒரே இடத்தில் இரண்டு தரப்பையும் பார்க்கலாம்.

இந்த வழியின் பெரிய பலம் ஜீப்பேதான். மனிதன் நிமிர்ந்து நடந்து வந்தால் சாண்டா தலையைத் தூக்கும், முன்னங்கால்களை ஊன்றி எழும், அப்புறம் ஒரே ஓட்டமாக வளைக்குள் போய்விடும். ஓடாமல் நிற்கும் வண்டியை அது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வண்டியை அதன் அருகே ஓட்டிச் செல்லக் கூடாது. அது வெளியே வருவதற்கு முன்பே போய்ப் பாதையோரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு வளையின் வாயை அடைத்த மண்ணைத் தள்ளிக்கொண்டு தலை தெரியும். அப்போது உடல் கறுத்திருக்கும். சூடு ஏற ஏற வெளுத்து மஞ்சள் கலந்த நிறத்துக்கு வரும். இந்த நிறமாற்றத்தை ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுத்த படங்கள், முகத்தருகே போய் எடுத்த எந்தப் படத்தையும்விட எனக்குப் பிடிக்கும்.

நீள லென்ஸ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாண்டா வெளிவந்து கொஞ்ச நேரத்திலேயே கானலும் கிளம்பிவிடும். தூரத்திலிருந்து எடுத்தால் 600 மி.மீ. லென்ஸிலும் படம் நெளிந்து குழையும். முன்கூட்டியே போய்க் காத்திருந்தால், விலங்கு தானாக வண்டிக்குப் பக்கத்தில் வரும். 400 மி.மீ. போதும், ஜன்னலில் வைக்கப் பயறு நிரப்பிய ஒரு துணிப்பை போதும்.

குறையும் உண்டு. ஓட்டுநர் உதவ நினைத்து ‘இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகட்டுமா சார்’ என்று பாதையை விட்டு இறக்கினால், சக்கரத்துக்கு அடியில் வளைகள் நொறுங்கும். தேசியப் பூங்காவில் அது இன்னும் மோசம். தரையில் முட்டையிடும் கானமயிலின் கடைசிப் புகலிடங்களில் அது ஒன்று. கிளம்பும் முன்பே ஓட்டுநர் அண்ணனிடம் பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாதி வழியில் சொன்னால் அவருக்கும் சங்கடம்.

இனி காலை நடை. இதற்கு மணல்மேடு வேண்டும், ஜெய்சால்மர் பக்கத்துச் சாம் அல்லது கூரி. சாமில் ஒட்டகமும் ஜீப்புகளும் மணலைக் கலைத்துவிடுகின்றன. கூரி ஓரளவு அமைதி. விடிந்ததும் காற்று எழும்புவதற்குள் போனால், இரவு நடந்ததெல்லாம் மணலில் எழுதியிருக்கும். மணலுக்கு அடியில் நீந்திப் போகும் அரணையின் நெளிகோடு, சுருட்டை விரியன் பக்கவாட்டில் நகர்ந்த சாய்ந்த கோடுகள், உடும்பின் வால் இழுத்த தடம். ஜெய்சால்மர் மாவட்டத்து ஊரான லோங்கேவாலாவின் பெயரைத் தாங்கிய தேரைத்தலை ஓணான் ஒன்று இந்தப் பாலைவனத்துக்கே உரியது. ஆபத்து தெரிந்ததும் உடம்பைப் பக்கவாட்டில் உதறி மணலுக்குள் அமிழ்ந்துவிடும். அதைப் பார்க்கக் கிடைப்பது பெரிய பேறு.

படம் என்று பார்த்தால் இந்த வழி ஜீப்பைவிடப் பின்தங்கும். விலங்கைவிடத் தடம்தான் அதிகம் கிடைக்கும். அதில் ஏமாந்தவர்கள் அந்தத் தடத்தைத் தொடர்ந்துபோய் மணலைக் கையால் அள்ளி அரணையை வெளியே எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மணல்தான் அதன் வீடு, அரண் எல்லாம். பல்லி, அரணை இனங்களில் பல, பிடித்தால் வாலை உதறிவிடும். வாலில் சேர்த்து வைத்த கொழுப்பும் அதோடு போய்விடும். உணவு அரிதான நிலத்தில் அது பெரிய இழப்பு. தடத்தையே படமெடுங்கள். சாய்வெயிலில் அது தானே ஓர் அழகான படம். போன் கேமரா போதும்.

இரவு டார்ச்சுக்குத்தான் ஆசை அதிகம். சுருட்டை விரியன், மண்ணுளிப் பாம்பு, சிந்துக் கட்டுவிரியன், மரப்பல்லிகள் என்று இணையத்தில் மெச்சப்படும் படங்கள் பெரும்பாலும் இரவில் எடுத்தவை. எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனாலும் மூன்று வழிகளில் இதைக் கடைசியில்தான் வைக்கிறேன். முதல் காரணம் விலங்கு. பாம்புக்கு இமை கிடையாது, முகத்தில் ஃபிளாஷ் அடித்தால் கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. சூடு ஆறாத தார்ச்சாலையில் படுத்திருக்கும் பாம்பைத் தேடி வண்டி ஓட்டுகிறவரின் சக்கரமே அதற்கு எமனாகலாம். சுருட்டை சுருண்டு செதில்களை உரசிச் சரசரவென்று ஒலி எழுப்பினால் பலர் ‘நல்ல போஸ்’ என்று குனிகிறார்கள். அந்தச் சத்தத்துக்குப் பின்வாங்கு என்று அர்த்தம். மேக்ரோ லென்ஸ் அங்கே தவறான கருவி. படச்சட்டம் நிறைய அதைப் பிடிக்க ஒரு மீட்டருக்குள் போயாக வேண்டும்.

இரண்டாவது காரணம் நம் உயிர். இந்தியாவின் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துத் தயாராகிறது. அந்த விஷத்தில் பெரும்பகுதி சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கத்திலிருந்து போகிறது. நம் ஊர்ச் சுருட்டையும் மேற்கு ராஜஸ்தான் சுருட்டையும் விஷத்தில் ஒன்றல்ல. அந்த மருந்து அங்கே எதிர்பார்த்த அளவு வேலை செய்வதில்லை என்பது மருத்துவர்களின் கவலை. சிந்துக் கட்டுவிரியன் அந்த நான்கில் சேர்த்தியே இல்லை. பெரிய மருத்துவமனைக்கு மணிக்கணக்கில் பயணம் செய்ய வேண்டிய இடத்தில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதிகளில் அனுமதியில்லாமல் இரவில் சுற்றவும் முடியாது. பாம்புகளை நன்கு அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வந்தால், கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ் போட்டிருந்தால், மங்கலான டார்ச்சோடு தள்ளி நின்று பார்த்துவிட்டு வரலாம். தனியாக வேண்டவே வேண்டாம்.

நான்காவதாக ஒன்றையும் சிலர் காட்டுவார்கள். தங்கும் முகாமில் கூடையிலிருந்து பாம்பை எடுத்து மணலில் விட்டுப் படம் எடுக்கச் சொல்வார்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். காசு கொடுத்தால் அடுத்த பயணிக்காக இன்னொரு பாம்பைப் பிடிப்பார்கள். ஒப்பிடுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

எந்த வழியில் எடுத்தாலும் படத்தைப் பகிரும்போது ஒரு பொறுப்பு இருக்கிறது. சாண்டாவின் கொழுப்பை உருக்கிய எண்ணெய் மூட்டுவலிக்கும் ஆண்மைக்கும் மருந்து என்று இன்றும் விற்கப்படுகிறது. அதற்காகவே வளை வளையாகத் தோண்டுகிறார்கள். போனில் எடுத்த படத்தோடு இடக்குறிப்பும் சேர்ந்து போகக்கூடும், பதிவிடும் முன் அணைத்துவிடுங்கள். பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம் அருகிவரும் உயிரினங்களின் இடத்தைத் தானே மங்கலாக்கிவிடும். பேஸ்புக் பதிவில் நீங்களே ஊர்ப் பெயரை எழுதிவிட்டால் அதற்குப் பயனில்லை. ‘மேற்கு ராஜஸ்தான்’ என்று போட்டால் போதும். யாராவது உள்பெட்டியில் வந்து சரியான இடம் கேட்டால், முதலில் அவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று கேளுங்கள்.