‘எந்த ரூம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க’ என்று ஹெல்ப்லைன் சொன்னால் நம்பாதீர்கள்

கோவையில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஹெச்ஆர். ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைப் பார்த்துக்கொள்ள ஆப்போடு வரும் ‘உதவி சேவை’ ஒன்றை நானே சிபாரிசு செய்து கொண்டுவந்தேன். அதில் என்னென்ன நடந்தது என்று சொல்கிறேன். ஆப் பெயரோ ஆஸ்பத்திரி பெயரோ போடப்போவதில்லை. இதே மாதிரி ஆட்கள் உங்கள் ஆபீசுக்கும் லேப்டாப்போடு வருவார்கள், வேறு பெயரில்.

எங்களிடம் மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. அதைத் தாண்டியவர்கள் 68 பேர். சம்பளம் ஏறியதால் இஎஸ்ஐ போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்து நான் முன்பு சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. இஎஸ்ஐயில் இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பு கிடையாது, கோ-பே, அதாவது பில்லில் நாம் கட்டவேண்டிய பங்கு, கிடையாது. அந்த 68 பேருக்குக் கம்பெனி எடுத்திருப்பது குரூப் மெடிக்ளைம். குடும்பத்துக்கு 3 லட்சம். ரூம் வாடகை ஒரு நாளைக்கு அதில் 1 சதவீதம் வரைதான், அதாவது 3,000 ரூபாய். ஐசியூ என்றால் 6,000. அப்பா அம்மாவையும் சேர்க்கலாம், ஆனால் அவர்கள் கிளைமில் 20 சதவீதம் ஊழியர் கையிலிருந்து போகும்.

போன ஏப்ரலில் பாலிசி புதுப்பிக்கும்போது புரோக்கர் இந்த உதவி சேவையை விற்கும் ஒரு தம்பியை அழைத்துவந்தார். ஆளுக்கு வருடம் 900 ரூபாய் கம்பெனி கட்டினால் போதுமாம். 24 மணி நேர ஹெல்ப்லைன், கேஷ்லெஸ் (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது) வேலைக்கு ஓடியாட ஆள், வீட்டுக்கே மருந்து, அதுவும் 25 சதவீதம் தள்ளுபடியில். கிளைம் என்றாலே எல்லோரும் என் மேஜைக்குத்தான் வந்து நிற்பார்கள். அந்தத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். 61,200 ரூபாய்க்கு முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன்.

ஆகஸ்டில் எங்கள் டூல்ரூம் சூப்பர்வைசரின் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ராத்திரி 11 மணிக்கு அவர் ஆப்பில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். “ஷேரிங் ரூமா, தனி ரூமா?” என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், எதை எடுப்பது என்று. அந்தப் பக்கம் இருந்த பெண், “3 லட்சம் கவர் இருக்கு சார், எந்த ரூம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க, கேஷ்லெஸ்தான்” என்று சொல்லியிருக்கிறார். இவரும் 6,000 ரூபாய் தனி ரூமை எடுத்துவிட்டார். வயதான அம்மா, வலியில் கத்துகிறார், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஐந்து நாள். டிஸ்சார்ஜ் அன்று காலை 10 மணிக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாலை ஐந்தரைக்குத்தான், காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளைமைப் பார்க்கும் டிபிஏவிடமிருந்து அப்ரூவல் வந்தது. ஹெல்ப்லைனில் கேட்டபோதெல்லாம் “ப்ராசஸ்ல இருக்கு சார்” என்ற ஒரே பதில். ஆஸ்பத்திரி கேட்டதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தரவேண்டும், தாமதத்தால் கூடுதல் கட்டணம் விழுந்தால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்கவேண்டும் என்று 2024 மே 29 சுற்றறிக்கையில், காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. இதை நான் தெரிந்துகொண்டது பிறகுதான். காசு வாங்கிக்கொண்டு உதவ வந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அப்ரூவலில் இருந்த தொகையைப் பார்த்ததும் அவர் எனக்குப் போன் செய்தார். “ஏனுங்க மேடம், பில்லு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். தொண்ணூத்தாறாயிரந்தான் வருதுங்கறாங்க. மூணு லட்சம் கவருன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

ஆமாம், நான்தான் சொன்னேன்.

அன்று ராத்திரி நகையை வைத்து மீதி 1,44,000 ரூபாயைக் கட்டி அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போனார். மறுநாள் பில்லை வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரூம் 30,000. டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,00,000. எலும்பில் பொருத்திய இம்பிளான்ட் 62,000. மருந்தும் தியேட்டர் பொருட்களும் 38,000. டெஸ்ட் 10,000. (கையுறை, பஞ்சு போன்ற சில்லறைப் பிடித்தங்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.)

டிபிஏ செய்தது இதுதான். தகுதி 3,000 ரூபாய் ரூம், எடுத்தது 6,000, அதாவது பாதி. எனவே மொத்த பில்லையும் பாதியாக்கி 1,20,000. அதில் கோ-பே 20 சதவீதம் போக 96,000. ரூம் வரம்பைத் தாண்டினால் தாண்டிய வாடகை மட்டும்தான் நம் தலையில் விழும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் ரூம் உயர உயர டாக்டர் ஃபீஸும் தியேட்டர் கட்டணமும் உயரும். அதனால் அவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் வெட்ட முடியாது, இதுதான் எனக்குக் கிடைத்த பிடி. இம்பிளான்ட் எந்த ரூமில் படுத்தாலும் ஒரே விலை. மாத்திரையும் அப்படித்தான், ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். மருந்து, தியேட்டர் பொருட்கள், இம்பிளான்ட், டெஸ்ட் ஆகியவற்றுக்கு இந்த விகித வெட்டு போடக்கூடாது, ஐசியூ கட்டணத்துக்கும் கூடாது என்று 2020லேயே ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. எங்கள் பாலிசி வேர்டிங்கிலும் அது அப்படியே இருந்தது. 40 பக்க பிடிஎஃப், இரண்டு வருடமாக என் மெயிலில் திறக்கப்படாமலே கிடந்தது.

அதன்படி கணக்கு போட்டால் ரூம் 15,000, டாக்டர் வகையறா 50,000, மற்றவை முழுசாக 1,10,000. கூட்டினால் 1,75,000. கோ-பே போக 1,40,000 வரவேண்டும். 44,000 ரூபாயைச் சும்மா பிடித்திருக்கிறார்கள்.

ஆப்பில் புகார் போட்டேன். இரண்டு நாளில் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டு, எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒரு ஸ்டார்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட அதில் வழியும் இல்லை, திரை நகரமாட்டேன் என்றது. அப்புறம் ஆப்பை விட்டுவிட்டு நேராகக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன். முதல் பதில் ‘பாலிசி விதிகளின்படி தீர்வு செய்யப்பட்டது’. இரண்டாவது மெயிலில் பாலிசியின் அந்த ஷரத்தை எண்ணோடு ஒட்டி, பில்லில் எந்தெந்த வரி என்று குறித்து அனுப்பினேன். 24வது நாள் 44,000 வந்தது. வராமல் போயிருந்தால் ஒரு மாதம் கழித்து, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போயிருப்போம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், குரூப் பாலிசிக்காரர்களும் போகலாம். கம்பெனி பாலிசி என்றால் ஊழியர் புகார் கொடுக்க முடியாது என்று ஹெல்ப்லைனில் சொன்னது பொய்.

மீதி இழப்புக்கு யாரிடம் போவது? ஷேரிங் ரூமுக்கு அன்று ஆஸ்பத்திரி கொடுத்த எஸ்டிமேட் 2 லட்சம். அதை எடுத்திருந்தால் கோ-பே 40,000 ரூபாயோடு முடிந்திருக்கும். இப்போது அவர் கையிலிருந்து போனது 1 லட்சம். ஒரு போன் பேச்சின் விலை 60,000 ரூபாய். அந்த அழைப்பின் பதிவைக் கேட்டேன். 30 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லையாம். ஆகவே ஹெல்ப்லைனில் எதைக் கேட்டாலும் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் கேளுங்கள். போனில் தாராளமாகப் பேசுகிறவர்கள் எழுதச் சொன்னால் திடீரென்று ‘பாலிசி விதிகளுக்கு உட்பட்டு’ என்று ஆரம்பிப்பார்கள்.

மருந்து விஷயம் இன்னும் நைசான வேலை. ஆப்பில் பதிவு செய்யும்போதே ‘மருந்து வாலட், மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் பிடிக்கலாம்’ என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டவர்கள் ரொம்பக் குறைவு. செலவழிக்காத பணம் மார்ச் 31ஆம் தேதி காலாவதி என்பது தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு சுகரும் கொலஸ்ட்ராலும் உண்டு. தெருமுனை மெடிக்கலில் மாதம் 1,150 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஆப்பில் பிரிஸ்கிரிப்ஷனை ஏற்றியதும் ஒரு டாக்டர் போனில் வந்து இரண்டு நிமிடம் பேசினார், அதே மருந்தை வேறு கம்பெனி பெயரில் புதிதாக எழுதி அனுப்பிவிட்டார். காரணம் இருக்கிறது. ஷெட்யூல் ஹெச் மருந்து (டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதது) என்றால் டாக்டர் எழுதிய பிராண்டை மருந்துக்கடை தன்னிஷ்டத்துக்கு மாற்றித் தரக்கூடாது. எனவே சீட்டையே மாற்றிவிடுகிறார்கள். புது மாத்திரைகளின் எம்ஆர்பி 1,900. தள்ளுபடி போக 1,425. ‘நீங்கள் 475 ரூபாய் சேமித்தீர்கள்!’ என்று பட்டாசு வெடிக்கிறது திரையில். முன்பைவிட 275 ரூபாய் அதிகம் கொடுத்த அக்கா மூன்று மாதம் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

நான் சொன்னபிறகு தன் பழைய டாக்டரிடமே போய், பிராண்ட் இல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதி வாங்கினார். தமிழக அரசு 2025 பிப்ரவரியில் 1,000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் அவர் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ஒரு மாத்திரை மட்டும் அங்கே இல்லை, அதை மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் வாங்கினார். மொத்தம் 390 ரூபாய்.

டூல்ரூம் சூப்பர்வைசரின் அம்மாவுக்கு ஆபரேஷனுக்குப் பின் வாங்கிய மருந்துகளுக்கும் பாலிசியில் 60 நாள் வரை பணம் உண்டு. 7,850 ரூபாய்க்கு பில் அனுப்பினோம். நிராகரிப்பு. ஆப்பின் பில்லில் நோயாளி பெயர் என்ற இடத்தில் அம்மா பெயர் இல்லை, வாலட் வைத்திருக்கும் மகன் பெயர். டாக்டர் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. திருத்திய பில் கேட்டு ஏழு மெயில் போட்டாயிற்று. வீட்டில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மருந்தை எந்தக் கடையில் வாங்கினாலும் நோயாளி பெயர், டாக்டர் பெயர், தேதி மூன்றும் பில்லில் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இந்த உதவி சேவைக்கு மருந்துக்கடைகளிடமிருந்தும் பணம் வருகிறது என்பது ஒப்பந்தத்தின் 11ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. கீழே என் கையெழுத்து.

இந்த வருடம் அந்தச் சேவையை நிறுத்திவிட்டோம். ரூம் 3,000, ஐசியூ 6,000, கோ-பே 20 என்று கொட்டை எழுத்தில் தமிழில் அடித்து, பஞ்சிங் மிஷினுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். படம் எடுத்து எல்லோர் போனுக்கும் அனுப்பியாயிற்று. அந்தத் தம்பி மறுபடி கூப்பிட்டு, ஆளுக்கு 600 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். உங்கள் ஹெல்ப்லைன் தப்பாகச் சொல்லி ஊழியருக்கு நஷ்டம் வந்தால் யார் கட்டுவது என்று மெயிலில் கேட்டிருக்கிறேன். ஐந்து வாரம் ஆகிறது, பதில் இல்லை.

போன 60,000 ரூபாயில் 30,000 ரூபாயை முதலாளி கொடுத்துவிட்டார். மீதியை அட்வான்ஸாகக் கொடுத்து, நகையை மீட்ட பிறகு மாதம் 3,000 வீதம் பிடிக்கிறோம். சம்பளப் பட்டியலில் அந்தப் பிடித்தத்தை ஒவ்வொரு மாதமும் ஏற்றுவது நான்தான். இன்னும் நான்கு மாதம் பாக்கி இருக்கிறது.