ஸ்லாட்டா, ஹீப்பா? மரியோவும் செல்டாவும் தடுமாறிய இடம்

ஒரு கேமில் எதிரி செத்ததும் அது இருந்த மெமரியை அடுத்ததற்குக் கொடுத்தாக வேண்டும். இதை எப்படிச் செய்வது என்பதில் நின்டெண்டோவின் இரண்டு பழைய கேம்கள் இரண்டு வழிகளில் போயின. இரண்டிலும் கிளிச், அதாவது எதிர்பாராத பிழை, வந்தது, வந்த விதம்தான் வேறு.

1990-இல் வெளியான சூப்பர் மரியோ வேர்ல்டில் ஆமை, ஓடு, சுவிட்ச் எல்லாவற்றுக்கும் சேர்த்து 12 ஸ்லாட்தான், அதாவது முன்பே ஒதுக்கி எண் போட்ட 12 இடங்கள், 0 முதல் 11 வரை. இடம் காலி இல்லையென்றால் புதிய எதிரி தோன்றாது, அவ்வளவுதான். மெமரி துண்டு துண்டாகச் சிதறும் கவலையே கிடையாது. ஆனால் மரியோ சவாரி செய்யும் டைனோசரான யோஷி நாக்கை நீட்டி ஒன்றைப் பிடிக்கும்போது ஸ்லாட் எண்ணை மட்டும்தான் குறித்துக்கொள்கிறது. நாக்கு உள்ளே திரும்புவதற்குள் பிடித்த பொருள் மறைந்து, அதே எண்ணில் சார்ஜிங் சக் வந்து உட்கார்ந்தால் யோஷி அதை விழுங்கிவிடும். விழுங்கவே கூடாத எதிரி அது. அதற்கு வழி எழுதப்படாததால் புரோகிராம் எங்கோ தாவுகிறது. 2015-இல் செத்பிளிங் என்பவர் இதையே பயன்படுத்தி, பொருட்களைத் துல்லியமாக அடுக்கி, கையாலேயே விளையாடி நேராக முடிவுக் காட்சிக்குப் போய்க் காட்டினார்.

1998-இல் வந்த செல்டா கேமான ஒகரினா ஆஃப் டைம் ஹீப்பை, அதாவது கேட்கும் அளவுக்கு வெட்டிக் கொடுக்கும் பொது மெமரியை, நம்பியது. பானைக்குச் சின்ன இடம், பெரிய எதிரிக்குப் பெரிய இடம், வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளும். 4 எம்பி மெமரியில் அவ்வளவு பெரிய உலகத்தை அடைக்க இது அருமையான ஏற்பாடு. சரி, சிக்கல் எங்கே? கேமின் நாயகன் லிங்க் கையில் எதையோ தூக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொருளை மெமரியிலிருந்து நீக்கவைக்க முடியும். கையில் எதுவும் இருக்காது, பாயின்டர், அதாவது அந்தப் பொருள் இருந்த மெமரி முகவரி, மட்டும் இருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் தன் திசையையும் நிற்கும் இடத்தையும் லிங்க் அந்த முகவரியில் எழுதிக்கொண்டே போகிறார். அங்கே இப்போது இருப்பது வேறொரு பொருளாக இருக்கலாம், அதன் புரோகிராம் கோடாகவும் இருக்கலாம். திசை என்பது 65,536 மதிப்புகளில் ஒன்று. எனவே லிங்க்கைச் சரியான கோணத்தில் திருப்பி நிறுத்தினால், விரும்பிய எண்ணை மெமரியில் எழுதிவிடலாம்! கேமை மிக வேகமாக முடிக்கப் பார்க்கும் ஸ்பீட்ரன் ஆட்கள் 2019-இல் கண்டுபிடித்த இது, நான் பார்த்த கிளிச்களிலேயே அழகானது.

ஸ்லாட்டில் தவறு நடந்தால் அங்கே இருப்பது இன்னொரு முழுப் பொருள், ஆகவே பிழையைத் தேடிப் பிடிப்பது எளிது. ஹீப்பில் எதன் நடுவில் போய் எழுதும் என்றே சொல்ல முடியாது. சிறிய கேம் எழுதுபவர்களுக்கு நான் ஸ்லாட்டைத்தான் சொல்வேன். ஆனால் ஸ்லாட் எண்ணோடு ஒரு தலைமுறை எண்ணையும் சேர்த்து வையுங்கள். ஸ்லாட்டில் ஆள் மாறும்போதெல்லாம் அது ஒன்று கூடும், பொருந்தவில்லையென்றால் பழைய பொருள் போய்விட்டது என்று அர்த்தம். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் என்டிட்டிகளில் (கேமில் உள்ள பொருட்களில்) இன்டெக்ஸுடன் வெர்ஷன் என்று ஒன்று இருப்பதும் இதற்காகத்தான். மரியோவின் 12 ஸ்லாட்டுக்கு 12 பைட், யோஷியிடம் இன்னொரு பைட். அந்த 13 பைட் இருந்திருந்தால் சக் யோஷியின் வாய்க்குள் போயிருக்காது.