வெளியே மூடுபனி, பெட்டிக்குள் வறட்சி: ஊட்டியில் ஒரு தெர்மோகோல் இன்குபேட்டர்

கோவையில் கார்ன் ஸ்நேக் வளர்க்கும் நண்பர் ஒருவர், "உங்க கோழிமுட்டைப் பெட்டி எப்படிப் போகுது? அதே மாதிரி ஒண்ணு செஞ்சா பாம்பு முட்டைக்கு ஆகுமா?" என்று கேட்டார். முட்டை பொரிக்கும் அந்தப் பெட்டியின் ரிலேயை, அதாவது பல்பை ஏற்றி அணைக்கும் சுவிட்சை, மாற்றிய கையோடு எழுதுகிறேன். எழுத்தில் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை தெரிந்ததுதான். மீன்கடைத் தெர்மோகோல் பெட்டி, குண்டு பல்பு, கம்ப்யூட்டர் ஃபேன், சிவப்பு எண் காட்டும் 12 வோல்ட் தெர்மோஸ்டாட் போர்டு, ஒரு தண்ணீர்த் தட்டு. போர்டைச் சூடாக்கும் முறைக்கு மாற்றி, அணைந்து எரியும் இடைவெளியை 2 டிகிரியிலிருந்து 0.3-க்குக் குறைத்தேன். அப்புறம் 37.5-ஐ ஒட்டியே நிற்கிறது. தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற ஜனவரியிலும் அசையவில்லை. இந்த விலைக்கு இதற்குமேல் கேட்பது பாவம்.

குறை சூட்டில் இல்லை, ஈரத்தில்.

சமவெளிக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி இருப்பது தெரியாத அளவுக்கு மூடுபனி, கொடியில் போட்ட துணி காய்கிற வழியில்லை, ஆனால் பெட்டிக்குள் மீட்டர் ஈரப்பதம் 25 சதவீதம் என்கிறது. மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று, மூடிய டப்பாவில் ஈர உப்போடு அதை ஒரு இரவு வைத்துப் பார்த்தேன். சரியான மீட்டர் 75 காட்டும்; காட்டியது. அது பொய் சொல்லவில்லை.

கணக்கு இதுதான். 10 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரம் குடித்தாலும் ஒரு கன மீட்டருக்கு 9 கிராம் சொச்சம்தான் தாங்கும். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5-க்குச் சூடானால் 45 கிராம் வரை கேட்கும். நம் மூடுபனி எந்த மூலைக்கு? போதாததற்கு ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதனால் ஓட்டின் நுண்துளைகள் வழியே முட்டையின் நீர் இன்னும் வேகமாக வெளியேறும்.

கோழிமுட்டை முதல் 18 நாளில் எடையில் 12, 13 சதவீதம் குறைந்தால் போதும். இங்கே அது சுலபமாகத் தாண்டிவிடும். 21-ஆம் நாள் குஞ்சு ஓட்டில் ஒரு சின்னத் துளை போடும், அதோடு சரி. துளை வழியாகப் பார்த்தால் உள்தோல் வெள்ளைக் காகிதமாகக் காய்ந்து, இறகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குஞ்சுக்குச் சுற்ற முடியாது. உள்ளே கத்துவது மட்டும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்காது.

தட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. ஆழம் வேலைக்காகாது, பரப்புதான் வேண்டும். இப்போது அகலத் தட்டில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுகளை நிறுத்திவைத்து, வெளியிலிருந்து ஒரு டியூப் வழியாக வெந்நீர் விடுகிறேன். முதல் 18 நாளுக்கு ஈரப்பதம் 50-ஐத் தொடுகிறது. கடைசி மூன்று நாள் 65-க்குமேல் வேண்டும் என்பதால் ராத்திரி எழுந்து ஊற்ற வேண்டும். காற்றோட்டத் துளைகளை அடைத்துவிடலாமே என்பீர்கள். ஏற்கெனவே லேசான காற்று, உள்ளே உயிர் மூச்சுவிட வேண்டாமா?

ரிலே கதை சின்னது. ஒரு நாள் அது ஒட்டிக்கொண்டது, பல்பு அணையவே இல்லை. நல்லவேளை, பகலில் நடந்தது. டிவி ரிப்பேர்க்காரர் மாற்றிக்கொடுத்தார். இப்போது 39-இல் தானாக அணைக்கிற இன்னொரு தெர்மோஸ்டாட்டைத் தொடராகச் சேர்த்திருக்கிறேன். செய்கிறவர்கள் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

சரி, பாம்பு முட்டை. நான் புலம்பிய ஈரப் பிரச்சினை அங்கே கிட்டத்தட்ட இல்லை. ஈர வெர்மிகுலைட் (தண்ணீரைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) போட்ட மூடி டப்பாவுக்குள் முட்டையை வைத்து, டப்பாவைத்தான் பெட்டிக்குள் வைப்பார்கள். சூடும் 28 டிகிரி போதும், சுமார் இரண்டு மாதம். முதலை, பெரும்பாலான ஆமைகள் மாதிரி சூட்டைப் பொறுத்து ஆணா பெண்ணா என்று மாறுகிற சங்கடமும் பாம்புக்குக் கிடையாது. ஆனால் கோழிமுட்டையைத் தினமும் திருப்பாவிட்டால் கெடும். பாம்பு முட்டையைத் திருப்பினால் கெடும். எடுக்கும்போதே மேல்பக்கம் பென்சிலால் குறி போட்டுவிட வேண்டும். காட்டுப் பாம்பு முட்டை யார் தோட்டத்திலாவது கிடைத்தால் இந்தப் பேச்சே வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, வனத்துறையைக் கூப்பிடுங்கள். எங்கள் மலையில் மண் கொத்தும்போது தட்டுப்படும் மொட்டைவால் பாம்புகள் முட்டையை வயிற்றிலேயே பொரித்துக் குட்டியாகப் போட்டுவிடும். இன்குபேட்டர் தொல்லை தெரிந்த ஜீவன்கள்.

நண்பருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்தப் பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. கோவையில் ஏப்ரலில் அறையே 28-ஐத் தாண்டித்தான் இருக்கும், தெர்மோஸ்டாட் வேடிக்கை பார்க்கும். ஊட்டியில் அந்தக் கவலை இல்லை. ஆக, என் கோழிமுட்டைக்குத் தண்ணி காட்டுகிற பெட்டி, அவருடைய பாம்பு முட்டைக்கு ஊட்டியில் கச்சிதமாகப் பொருந்தும்.

தெர்மோஸ்டாட் அருமை, செலவு குறைவு, எல்லாம் உண்மை. ஆனாலும் மலையில் நாட்டுக்கோழி வளர்க்கிறவர் கேட்டால் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். அக்கம்பக்கத்தில் ஓர் அடைக்கோழி கேட்டு வாங்குங்கள். கோவை நண்பர் மட்டும் முட்டைகளோடு வரலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பென்சில் குறி மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவர் பாடு.